வட்டமும் நட்சத்திரமும்

உயர்தர வகுப்பில் எங்களுக்கு விலங்கியல் படிப்பித்த சேர், தேனீயின் கண்ணைக் கொப்பியில் வரையச் சொன்னதோடு விடவில்லை. ஆய்வுகூடத்துக்குப் பின்னால், துளசிப் பாத்திக்குப் பக்கத்தில் மேசை போடச் செய்தார். கறுப்புக் கடதாசியில் ஒரு வட்டமும் ஒரு நட்சத்திரமும் வெட்டி வைத்தோம். வட்டத்தில் சீனிப்பாணி, நட்சத்திரத்தில் வெறும் தண்ணீர். தேனீக்கள் வட்டத்துக்குப் பழகக் கொஞ்ச நாள் எடுத்தது. அப்புறம் இரண்டையும் எடுத்துவிட்டு, பாணி படாத புதுக் கடதாசிகளை இடம் மாற்றி வைக்கச் சொன்னார்.

"மணத்துக்கு வருதா, இடத்தை நினைச்சு வருதா, உருவத்தைக் கண்டு வருதா எண்டு பிரிச்சுப் பாக்க வேணும்" என்பார். பெரும்பாலானவை வட்டத்துக்கே வந்தன.

பாணியை ஏன் வட்டத்தில் வைத்தார் என்பது பிற்காலத்தில் வாசித்தபோதுதான் விளங்கியது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜேர்மனியில் மத்தில்டே ஹேர்ட்ஸ் செய்த சோதனைகளில், நிரப்பிய வட்டத்தையும் சதுரத்தையும் பிரித்தறியத் தேனீக்கள் திணறின. ஓரம் உடைந்த நட்சத்திரம், சிலுவை போன்றவற்றை எளிதில் பிரித்தறிந்தன. பழக்காமலே அவற்றை நாடியும் போயின. நட்சத்திரத்தில் பாணி வைத்திருந்தால், கற்றதால் வந்ததா, இயல்பான விருப்பத்தால் வந்ததா என்று சொல்லவே முடியாது. எவ்வளவு நுட்பமான ஆசிரியர்!

வேலைக்காரத் தேனீயின் ஒவ்வொரு கூட்டுக்கண்ணிலும் ஏறத்தாழ 5000 சிறுகண்கள் உண்டு. ஒவ்வொன்றும் தன் நேரே உள்ள சிறு துண்டை மட்டுமே பார்க்கும். அதனால் நுணுக்கமான ஓரங்கள் கிட்டப் போனால்தான் தெரியும். இந்தக் கண்ணோடுதான் 2005இல் ஏட்ரியன் டயரும் சகாக்களும் பழக்கிய தேனீக்கள், மனித முகப் படங்களில் ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்தறிந்தன. இரண்டு நாள் கழித்தும் சில மறக்கவில்லை.

சார்ள்ஸ் ஹென்றி டேர்னர் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். சிக்காகோவில் கலாநிதிப் பட்டம் பெற்ற கறுப்பின அமெரிக்கர். சென்ட் லூயிஸ் நகரின் சம்னர் உயர்பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே, தேனீக்களின் நிறப்பார்வை பற்றி 1910இலும் உருவப்பார்வை பற்றி 1911இலும் ஆய்வுகளை வெளியிட்டார். அவரைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் சேரின் முகம்தான் வரும்.

எங்கள் பழைய மாணவர் சங்கம் இப்போது பாடசாலை ஆய்வுகூடத்துக்குக் காசு சேர்க்கிறது. நுணுக்குக்காட்டிகள் கட்டாயம் வேண்டும். அதோடு ஒரு தேனீப்பெட்டிக்கும் துளசிப் பாத்திக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். என் பங்கை அதற்கென்றே அனுப்புகிறேன்.