மழைக்குப் பிறகு கிணறு கலங்கினால்

கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலையில் எங்கள் கிணற்றில் வாளியை விட்டு இழுத்தேன், பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் தண்ணி வந்தது. அம்மா சொன்னபடி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டு மத்தியானம் மணந்து பார்த்தால் குளோரின் வாசமே இல்லை.

எனக்குத் தெரிந்து இங்கே யாழ்ப்பாணத்தில் பலரும் விடுகிற பிழை இதுதான், தெளிய வைக்காமலே குளோரின் போடுவது. கலங்கலோடு வருகிற இலைச் சருகுத் தூளும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும், மிச்சத்துக்கு எட்டாமல் கிருமிகள் மண் துகள்களுக்குள் ஒளிந்துகொள்ளும். பரிசோதனைக் கூடங்களில் கலங்கலை என்.ரீ.யூ என்ற அலகில் அளப்பார்கள். தண்ணிக்குள் ஒளியைப் பாய்ச்சி, துகள்களில் பட்டு 90 பாகையில் சிதறுவது எவ்வளவு என்று பார்க்கிற கருவியால் அளப்பது அது. ஏறத்தாழ 4 தாண்டினால்தான் நம் கண்ணுக்கே கலங்கல் தெரியும், ஆனால் குளோரின் ஒழுங்காக வேலை செய்ய 1 க்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற தண்ணிகூட சில நேரம் போதாது.

அம்மம்மா மண்பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டுத் தண்ணி ஊற்றி வைப்பார், விடிய அடியில் களி மெல்லிய படையாகப் படிந்திருக்கும், மேலே கண்ணாடி மாதிரித் தண்ணி. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாரமாகித் தாழ்கின்றன, படிகாரம் செய்வதும் இதே வேலைதான். முதலில் தெளிய வைக்க வேண்டும், பிறகுதான் குளோரின். தெளிந்ததை அப்படியே குடிக்கவும் கூடாது, கொதிக்க வைத்துத்தான்.

ஆனால் என்னை உண்மையில் பயப்படுத்துவது வேறு. யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமான கல், மழைத்தண்ணி வடிபடாமல் விறுவிறென்று கீழே இறங்கிவிடும். மழை விட்ட கையோடு கிணறு கலங்குகிறதென்றால் மேலே கிடப்பது நேரே உள்ளே வர வழி இருக்கிறது என்று அர்த்தம். சேறு வந்த வழியால் மலசலகூடக் குழியின் கழிவும் வரும். அப்புறம் தோட்டத்துக்குப் போட்ட உரத்தின் நைத்திரேற்று இருக்கிறதே, அது கரைந்தே வருவதால் தெளிந்த தண்ணியிலும் இருக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரர் தயவுசெய்து தண்ணியைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

நேற்றுப் பின்னேரம் தூறல் விழும்போது டோர்ச் அடித்துக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். உடுப்புத் தோய்க்கிற கல்லுக்கு நேர் கீழே, கிணற்றுக் கட்டிலிருந்து இரண்டு முழ ஆழத்தில், ஒரு விரல் அகல வெடிப்பு. அதன் வழியாகச் செம்மண் நிறத்தில் தண்ணி நூலாக வழிந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மேசன் வருகிறார், தோய்க்கிற கல்லையும் தள்ளி வைக்கப் போகிறோம்.