பசைத் தடம் இருந்த பயாலஜி புக்கு

அமெரிக்கால அட்லாண்டா பக்கத்துல ஒரு பப்ளிக் ஹைஸ்கூல்ல பயாலஜி எடுக்கறேன். ஊர்ல நாங்க படிச்சப்போ பரிணாமம்னா லாமார்க், டார்வின், ஒட்டகச்சிவிங்கி கழுத்து, எழுதினா மார்க், அவ்ளோதான். இங்க வந்த முதல் வருஷம் அந்த யூனிட்ட ரெண்டே நாள்ல முடிச்சிட்டேன். பரிணாமம் பைபிளுக்கு எதிர்னு நெனைக்கற பேரன்ட்ஸ் மெயில் போடுவாங்களோன்னு பயம், புது வேலை வேற. யாரும் எதுவும் சொல்லல, ஆனா அந்தப் பசங்களுக்கு நான் பண்ணது தப்புதான், இன்னிக்கும் உறுத்துது.

அந்த வருஷக் கடைசில ஸ்டோர் ரூம சுத்தம் பண்றப்போ ஒரு பழைய டெக்ஸ்ட்புக் கெடச்சுது. அட்டைக்கு உள்பக்கம் நீள்சதுரமா பசைத் தடம், விரல் வெச்சா லேசா ஒட்டுது. சீனியர் டீச்சர்தான் கதை சொன்னாங்க. 2002ல காப் கவுண்டி (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) ஸ்கூல் போர்டு, பரிணாமம்ங்கறது தியரி, ஃபேக்ட் இல்லன்னு புக்குல ஸ்டிக்கர் ஒட்டிச்சு, பேரன்ட்ஸ் சில பேர் கேஸ் போட்டாங்க, புக்கு எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் கென்னத் மில்லர் கோர்ட்டுக்கே வந்து சாட்சி சொன்னார், அவரே சர்ச்சுக்குப் போற கத்தோலிக்கர். 2005 ஜனவரில ஜட்ஜ் கிளாரன்ஸ் கூப்பர் எடுக்கச் சொல்லிட்டார், கிட்டத்தட்ட 35,000 புக்குல இருந்து சுரண்டி எடுத்தாங்க. அப்பீல்ல அந்தத் தீர்ப்பு நிக்கல, கேஸ் கீழ்க் கோர்ட்டுக்கே திரும்பி வந்துச்சு, கடைசில 2006 டிசம்பர்ல இனிமே ஒட்ட மாட்டோம்னு போர்டே ஒத்துக்கிச்சு.

ஸ்டிக்கர் போயிடுச்சு, ஆனா என்னை மாதிரி பயந்து பாடத்த தாண்டி ஓடற டீச்சர எந்தக் கோர்ட்டும் ஒண்ணும் பண்ண முடியாதே. அடுத்த வருஷத்துல இருந்து முழுசா மூணு வாரம் எடுக்கறேன்.

போன வருஷம் ஒரு பையன், அப்பா பாஸ்டர், முதல் நாளே கேட்டான், "மேம், நீங்க கடவுள நம்புறீங்களா?" வீட்ல தினமும் விளக்கேத்தறவ நான், ஆனா கிளாஸ்ல அத சொல்ல மாட்டேன். "அது உன் வீட்ல, சர்ச்சுல பேசுப்பா, இங்க என் வேலை ஆதாரத்த காட்டறது"ன்னேன். பரிணாமம் எடுத்தா கூடவே படைப்புக் கதையையும் சயின்ஸ்னு சொல்லிக்குடுக்கணும்னு லூசியானால போட்ட சட்டத்த 1987லயே சுப்ரீம் கோர்ட் தள்ளிடுச்சு, அதனால எனக்கு எல்லை தெளிவாத்தான் இருக்கு. அவன் கேட்டதும் நியாயமான கேள்விதான்.

செல்லுக்குள்ள டி.என்.ஏ சுருண்டு இருக்கற குரோமோசோம், மனுஷனுக்கு 23 ஜோடி, சிம்பன்சிக்கு 24. ரெண்டுக்கும் ஒரே மூதாதைன்னா, ஒரு ஜோடி எங்க போச்சு? குரோமோசோம் படத்த ப்ரின்ட் எடுத்து வெட்டிப் பொருத்தச் சொல்வேன். அவன் சிம்பன்சியோட ரெண்டு துண்ட முனையோட முனை வெச்சு, மனுஷனோட ரெண்டாம் நம்பர் பக்கத்துல நகர்த்தினான், கோட்டுக்குக் கோடு ஒத்துப்போச்சு. வழக்கமா குரோமோசோம் முனைல இருக்கற டெலோமியர்ங்கற டி.என்.ஏ துண்டு இதுல நடுவுலயும் மிச்சம் இருக்கு, ரெண்டும் ஒட்டின இடம் அதுன்னு காட்டினேன். ரொம்ப நேரம் பேசல. பெல் அடிச்சதும், "இன்னொரு செட் குடுப்பீங்களா, அப்பாகிட்ட காட்டணும்"னான்.

குடுத்தேன். முதல் வருஷமா இருந்திருந்தா குடுத்திருக்கவே மாட்டேன்.