அவுரிக் களத்துக் கணக்கு

சாத்தான்குளம் பக்கம் எங்க காட்டுல அப்பா வருஷாவருஷம் அவுரி போடுவாங்க. நிலாவரைன்னும் சொல்லுவாங்க, மலச்சிக்கல் மருந்துக்குப் போற இலை. வெளிநாட்டுச் சந்தையில இதுக்கு ‘டின்னவெலி சென்னா’ன்னு நம்ம திருநெல்வேலிப் பேருதான். தூத்துக்குடியில கப்பலேறி ஜெர்மனி வரைக்கும் போகுது.

நிழல்ல உலர்த்தணும். பச்சை மாறாம இருந்தாத்தான் விலை. பழுத்துப்போச்சுன்னா வியாபாரி உள்ளங்கையில நசுக்கிப் பார்த்துட்டு எடையே போடமாட்டார். போன தடவை ஒரே ஆள்தான் வந்தார், கேட்ட விலைக்குக் கொடுத்தோம். இந்தத் தடவை மூணு பேர். களத்துலயே விலை ஏறிச்சு. போட்டியை அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன்.

விதை, உழவு, பறிகூலி போக மிச்சத்தை லாபம்னாங்க அப்பா. “உங்க கூலியும் அம்மா கூலியும் எங்க, அப்பா?”ன்னு கேட்டேன். நோட்டை வாங்கி மறுபடி கூட்டினாங்க.