குடிக்காதவரின் தள்ளாட்டம்

அப்பா தன் வாழ்நாளில் கள்ளைக்கூடத் தொட்டதில்லை. ஆயினும் அவருடைய கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளில், தங்கச்சிமடத்துக் கடைத்தெருவில் கால்களை அகல விரித்து வைத்து, சுவரையோ நிற்கும் வண்டியையோ பிடித்தபடி அவர் நடப்பதைப் பார்த்தவர்கள், காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்றுதான் பேசினார்கள். உண்மையில் நோய் முதலில் தெரிந்தது நடையில் அன்று, வலையில். வலை ஊசியைக் கண்ணிக்குள் நுழைக்கப் போகும் கை, கண்ணியைத் தாண்டிப் போய்த் திரும்பும். பார்வை மங்கிவிட்டது என்று நாங்கள் மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். அடுத்த ஆண்டு வள்ளத்தின் அணியத்தில் நின்று நங்கூரம் போட முடியாமல் போயிற்று. கச்சான் காற்றில் ஆடும் வள்ளத்தில் முப்பது ஆண்டுகள் நின்றவருக்கு ஆடாத மணலில் நிற்பதே பெரும்பாடாகிவிட்டது.

ஊராரின் பேச்சில் அரை உண்மை இருந்தது என்பது பின்னர்தான் புரிந்தது. மது தாக்கும் இடங்களில் ஒன்று சிறுமூளை; உடலின் அசைவுகளை ஒழுங்குபடுத்துவதும் நிலை தவறாமல் வைத்திருப்பதும் அதன் வேலை. ஆகவே குடித்தவரின் நடையும் குழறும் பேச்சும் அப்பாவுடையதைப் போலவே இருக்கும். குடித்தவர் மறுநாள் தெளிந்துவிடுவார். அப்பாவுக்கோ சிறுமூளையின் பர்கின்ஜி என்னும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தன, அவை மீண்டும் முளைப்பதில்லை.

நோயின் பெயர் ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியா. அதில் பல வகைகள் உண்டு, எங்கள் குடும்பத்தில் இருப்பது முதலாம் வகை. ஆறாம் குரோமோசோமில் உள்ள இதற்குரிய மரபணுவை 1993இல் ஹுடா சோக்பி, ஹாரி ஓர் ஆகியோரின் ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தன. அந்த மரபணுவில் சி, ஏ, ஜி என்னும் மூன்று டி.என்.ஏ. எழுத்துகளின் தொடர் அடுத்தடுத்துத் திரும்ப வரும். பெரும்பாலோருக்கு அது 35 முறைக்குள் நின்றுவிடும். இடையில் வேறெழுத்துக் குறுக்கிடாமல் 39ஐ எட்டினால் நோய் வரும். அப்பாவுக்கு 47 இருந்தது.

என் தாய் அப்பாவுக்கு அத்தை மகள். சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்று உறவினர்கள் சொன்னதை அம்மா பல ஆண்டுகள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். இது எனக்கு இன்றும் ஆறாத கோபம். பிரீட்ரைக் அட்டாக்சியா போன்ற நோய்களில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும்; அங்கே நெருங்கிய உறவுத் திருமணம் அபாயத்தைக் கூட்டுவது உண்மைதான். எங்கள் வகைக்கு ஒரு பக்கத்துப் பழுதே போதும். அப்பா தொலைதூரத்து அந்நியப் பெண்ணை மணந்திருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதே பாதிக்குப் பாதி வாய்ப்புதான். அம்மாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

தாத்தாவுக்கு 55 வயதிலும், அப்பாவுக்கு 44இலும், தம்பிக்கு 30இலும் தொடங்கியது. அந்த எழுத்துத் தொடர், குறிப்பாகத் தந்தை வழியாக இறங்கும்போது, இன்னும் நீளக்கூடும். நீளம் கூடக் கூட நோய் இளவயதிலேயே தலைகாட்டும். தம்பிக்கு அது 54 முறை வருகிறது.

தம்பிக்கு முதலில் எடுத்த விலையுயர்ந்த மரபணுச் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. வழக்கமான வரிசைமுறைச் சோதனை இத்தகைய நீட்சியைத் தவறவிடக்கூடும். நீட்சியை அளக்கும் தனிச் சோதனையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் இடைவிடாத சமநிலைப் பயிற்சியால் தம்பியின் நடை ஓரளவு தேறியிருக்கிறது. விழுங்குவதில் தடுமாற்றம் வந்தபின் வெறும் தண்ணீர்தான் புரையேறும், கெட்டியான கஞ்சி இறங்கிவிடும் என்பதை அப்பாவின் கடைசி நாட்களில் கற்றுக்கொண்டோம்.

நான் இன்னும் சோதித்துக்கொள்ளவில்லை. என் மகளுக்குப் பதினான்கு வயது. அறிகுறியில்லாத சிறுவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்வதில்லை; வளர்ந்தபின் அவளே முடிவெடுக்க வேண்டும் என்றார் மரபியல் ஆலோசகர். எனக்கு இல்லையென்றால் என்னிடமிருந்து அவளுக்கு வர வழியில்லை. இருந்தால் அவளுக்கும் பாதி வாய்ப்பு. அடுத்த மாதம் மதுரைக்குப் போக நாள் குறித்திருக்கிறேன். கைத்தடியோடு தானும் வருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான்.