மாருதி 800: டிரைவர் கதவு லாட்ச், ஸ்ட்ரைக்கர் மாற்றியது

வண்டி கார்புரேட்டர் காலத்து மாருதி 800. டிரைவர் கதவை ஓங்கி அறைந்தால்தான் முழுசாகப் பிடிக்கிறது. மெதுவாகச் சாத்தினால் முதல் கிளிக்கோடு நிற்கிறது. பள்ளத்தில் இறங்கினால் பில்லர் (கதவு வந்து சாத்தும் பாடித் தூண்) பக்கம் டக் டக் என்கிறது. இதைக் கேட்டதுமே "லாக் போச்சு, மாத்திடலாம்" என்பார்கள். அதற்கு முன் கீலைப் பார்க்க வேண்டும். கதவைப் பாதி திறந்து, பின் முனையில் கீழிருந்து தூக்கிப் பார்த்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. இருந்தால் கீலின் நடுவே இருக்கும் ஊசி தேய்ந்து கதவு தொங்குகிறது என்று அர்த்தம். அதை விட்டுவிட்டுப் புது லாட்ச் (கதவுக்குள் இருக்கும் பூட்டு) போட்டால் அதுவும் சீக்கிரமே தேயும். இந்தக் கதவில் கீல் இறுக்கமாகத்தான் இருந்தது.

அடுத்து ஸ்ட்ரைக்கர், அதாவது கதவைச் சாத்தும்போது லாட்ச் கவ்விக்கொள்ளும், பில்லரில் இருக்கும் இரும்பு வளையம். வளையத்தின் உள்பக்கம் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுப்பட்டது. லாட்சுக்குள் இருக்கும் கொக்கியின் பிளாஸ்டிக் உறை உரிந்து, இரும்பு பளபளவென்று தெரிந்தது. இரும்போடு இரும்பு மோதும் சத்தம்தான் அந்த டக் டக். இரண்டையும் ஜோடியாக மாற்றுவதே சரி. பள்ளம் விழுந்த வளையம் புது உறையை அரித்துவிடும்.

800 தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுவிட்டாலும் லாட்ச் புதிதாகவே கிடைக்கிறது. இடது, வலது வேறு வேறு, சொல்லி வாங்க வேண்டும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழையது வாங்குவதானால் கொக்கியின் உறையையும் ஸ்பிரிங் விசையையும் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கவும். கைப்பிடியையும் லாட்சையும் இணைக்கும் கம்பியான ராடை மாட்டும் பிளாஸ்டிக் கிளிப்புகளையும் கூடவே வாங்குங்கள். பழசு வெயிலில் காய்ந்து, கழற்றும்போதே உடையும்.

கண்ணாடியை முழுசாக ஏற்றிவிட்டுத் தொடங்கவும். வைண்டிங் ஹேண்டிலுக்குப் பின்னால் குதிரைலாட வடிவக் கிளிப் இருக்கும். ஒரு துணியை இடையில் விட்டு இருபுறமும் மாறி மாறி இழுத்தால் தெறித்து வரும். கைப்பிடி ஸ்க்ரூக்களை எடுத்து டோர் பேடை (கதவின் உள்பக்க அட்டை) விளிம்பிலிருந்து நெம்பலாம். உள்ளே ஒட்டியிருக்கும் பாலிதீன் ஷீட்டைக் கிழிக்காமல் உரித்து வையுங்கள். அது இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் டோர் பேடை ஊறவைத்து மிதியடிக்கு வந்துவிடும்.

ஸ்ட்ரைக்கர் ஸ்க்ரூ இரண்டும்தான் வேலையில் கடினமானவை. துரு ஏறி இறுகியிருக்கும். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் தலையை நக்கிவிடும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, 3ஆம் நம்பர் பிட் போட்ட இம்பாக்ட் டிரைவரைச் சுத்தியலால் அடித்தால் கழன்றுவிடும். அதற்கு முன் பழைய ஸ்ட்ரைக்கரைச் சுற்றி மார்க்கரால் கோடு போடவும். பின்னால் தகடு வைத்திருந்தால் அதையும் பத்திரப்படுத்தவும். கடைசி ஸ்க்ரூவை எடுக்கும்போது பில்லருக்குள் இருக்கும் நட் பிளேட் (ஸ்க்ரூக்கள் ஏறும் தகடு) நகர்கிறதா என்று கவனியுங்கள். அது உள்ளே விழுந்தால் எடுப்பது பெரும்பாடு.

லாட்சைக் கதவின் ஓரத்தில் பிடிப்பவை மூன்று ஸ்க்ரூக்கள். கண்ணாடி ஓடும் சேனல் மறித்தால் அதன் கீழ்ப் போல்ட்டைத் தளர்த்தி ஒதுக்கவும். புது லாட்சுக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ் லேசாக வைத்து ராடுகளை மாட்டவும். வெளிக் கைப்பிடி ராடில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். இழுத்து வைத்து மாட்டினால் பூட்டும் பல் பாதி தூக்கியே நிற்கும், ஓடும்போது கதவு திறந்துகொள்ளும்.

லாட்சைச் சோதித்துப் பார்க்கும் வரை கதவைச் சாத்தவே கூடாது. திறந்த நிலையிலேயே ஸ்க்ரூடிரைவரால் கொக்கியைத் தள்ளினால் இரண்டு கிளிக் கேட்க வேண்டும். உள், வெளிக் கைப்பிடி இரண்டிலும் அது விடுபட வேண்டும். இதைப் பார்க்காமல் சாத்திக் கதவு மாட்டிக்கொண்டால், திறப்பது கஷ்டம்.

ஸ்ட்ரைக்கரைப் பழைய கோட்டில் வைத்து, கையால் அசைக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கிச் சாத்திப் பார்த்தோம். பில்லர் ஓரத்தில் கதவு துருத்தியது, 1 மி.மீ. உள்ளே தள்ளியதும் பாடியோடு மட்டமாகிவிட்டது. அதற்கு மேல் தள்ளினால் பீடிங் (கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை) நசுங்கி மறுபடி அறைய வேண்டிவரும், கைப்பிடியும் கனக்கும். சாத்தும்போது கதவு மேலே ஏறினாலோ கீழே அமுங்கினாலோ உயரம் சரியில்லை. பீடிங்கில் செய்தித்தாள் துண்டை வைத்துச் சாத்தி இழுத்தோம். சுற்றிலும் ஒரே பிடி. பிறகுதான் ஸ்க்ரூக்களுக்கு நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) போட்டு முழுசாக இறுக்கினோம்.

டோர் பேடை மாட்டுமுன் கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தாயிற்று. இடது கதவின் லாட்சில் உறை இன்னும் நன்றாக இருக்கிறது. அங்கே கிரீஸ் மட்டும் போதும்.