வியட்நாம் போரை +1 பசங்களுக்கு நடத்துன வாரம்

ஜூலை 8, திங்கள்

இன்னைக்கு வியட்நாம் போர் ஆரம்பிச்சேன், கம்யூனிஸ்ட் வடக்கு வியட்நாமுக்கும் அமெரிக்கா துணை நின்ன தெற்கு வியட்நாமுக்கும் நடந்த சண்டை. போன வருஷம் இதே போரை 1954 டியன் பியன் பூல பிரெஞ்சுப் படை தோத்தது, நாட்டை வடக்கு தெற்குன்னு பிரிச்ச ஜெனீவா ஒப்பந்தம், 1975ல தெற்கோட தலைநகர் சைகோன் விழுந்ததுன்னு போர்டுல வரிசையா எழுதிப் போட்டு ரெண்டே பீரியட்ல முடிச்சேன். பசங்க எழுதிக்கிட்டாங்க, மார்க்கும் வந்துச்சு, ஆனா ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேக்கல, அது வருஷம் பூரா மனச உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

இந்த தடவ ஓட்டெடுப்புல ஆரம்பிச்சேன். "நீங்க எல்லாரும் அமெரிக்க எம்.பி.ங்க. இது 1964 ஆகஸ்ட். டோங்கின் வளைகுடால நம்ம கப்பலை 2ஆம் தேதி வடக்கு வியட்நாம் படகுங்க தாக்கிருக்கு, 4ஆம் தேதி மறுபடியும் தாக்கிட்டாங்கன்னு பிரசிடென்ட் சொல்றாரு. பதிலடி குடுக்க அவருக்கு அதிகாரம் குடுக்கலாமா?" 43 பேர்ல 42 பேர் கை தூக்கிட்டாங்க. கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு மட்டும் தூக்கல. ஏம்மான்னு கேட்டேன். "ரெண்டாவது தடவ தாக்குனதைப் பாத்தது யாரு மிஸ்?"

நிஜமா அங்க விழுந்த ஓட்டைச் சொன்னேன். கீழ்சபைல 416க்கு 0, செனட்ல 88க்கு 2. 2ஆம் தேதி சண்டை உண்மை, 4ஆம் தேதி அப்படி ஒரு தாக்குதலே நடக்கல, அவங்க உளவு அமைப்போட சொந்த ஆய்வே அதைத்தான் சொல்லுது, அது வெளிய வந்தது 2005ல. அதுக்குள்ள 41 வருஷம் போயிடுச்சு. கிளாஸ் கொஞ்ச நேரம் சத்தமே இல்லாம இருந்துச்சு. அந்தப் பொண்ணு அவ்வளவு சீக்கிரம் பேச மாட்டா, இன்னைக்கு அவளை நெனச்சு எனக்கு அவ்ளோ பெருமை.

ஜூலை 10, புதன்

ஏஜென்ட் ஆரஞ்சு. காட்டுக்குள்ள மறைஞ்சிருக்கிற ஆளுங்க வெளிய தெரியணும்னு இலையைக் கொட்ட வைக்க, பயிரை அழிக்க, 1961ல இருந்து 1971 வரைக்கும் பிளேன்ல களைக்கொல்லி அடிச்சாங்க, எல்லா வகையும் சேத்து 7 கோடி லிட்டருக்கு மேல. அதுல அதிகமா அடிச்ச வகையோட ட்ரம்முல ஆரஞ்சு கலர்ல பட்டை இருந்ததால அந்தப் பேரு. அதுல ரெண்டு மருந்து கலந்திருந்துச்சு, அதுல ஒண்ணு டூ ஃபோர் டி (2,4-D)ங்கிற களைக்கொல்லின்னு சொன்னதும் ஒரு பையன் எந்திரிச்சான். "மிஸ், அது எங்க அப்பா கடையிலயே இருக்கு!"

அவன் முகத்துல பயம். நான் அவசரப்படாம நிதானமா சொன்னேன், கொடூரமான விஷம் அதுல இல்லப்பா, கலவைல இருந்த இன்னொரு மருந்தைத் தயாரிக்கிறப்ப உண்டான டயாக்ஸின்தான், அது மண்ணுல, குளத்து மீன்ல, கொழுப்புல அப்படியே தங்கிடும்னு. வியட்நாம்ல டா நாங் விமான நிலையத்துல டயாக்ஸின் கலந்த மண்ணைச் சுத்தம் பண்ணி முடிச்சதே 2018லதான். அமெரிக்க முன்னாள் வீரர்களுக்கு 1984லயே அந்தக் களைக்கொல்லியைத் தயாரிச்ச கம்பெனிங்க 18 கோடி டாலர் குடுக்க ஒத்துக்கிட்டாங்க. வியட்நாம்காரங்க போட்ட கேஸை 2005ல அமெரிக்க கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. ரெண்டு பேர் மேலயும் பட்டது ஒரே மருந்துதானே மிஸ்னு அந்தப் பையன் கேட்டான். ஆமாம்பான்னு மட்டும்தான் சொன்னேன்.

ஜூலை 11, வியாழன்

ஒரு பையனோட அப்பா போன் பண்ணாரு. பெரிய பையன் அமெரிக்காவுல படிக்கிறானாம். "பசங்க மனசுல எதுக்கு மிஸ் அந்த நாட்டைப் பத்தி தப்பா ஏத்துறீங்க"ன்னு கேட்டாரு, கோவமா இல்ல, கவலையாத்தான். அவர் கேட்டதுலயும் நியாயம் இருந்துச்சு, ரெண்டு நாளா நான் ஒரு பக்கத்தை மட்டும்தான் நடத்திருந்தேன்.

அதனால இன்னைக்கு 1968ஐ எடுத்தேன். தெற்கு வியட்நாம்ல இருந்த ஹுவே நகரத்தை கம்யூனிஸ்ட் படை பிடிச்சு வெச்சிருந்த அந்தச் சில வாரத்துல கொன்னு புதைக்கப்பட்டவங்க, பின்னாடி தோண்டி எடுத்தப்ப 2,800 பேர் வரைக்கும். அதே வருஷம் மார்ச் 16, மை லாய் கிராமம், அமெரிக்க சிப்பாய்ங்க கொன்னது வியட்நாம் கணக்குல 504 பேர், பெரும்பாலும் பொம்பளைங்க, குழந்தைங்க, வயசானவங்க. அங்கயே ஹியூ தாம்ப்சன்னு ஒரு பைலட், அவரும் அமெரிக்கர்தான், ஓடுற கிராமத்து ஜனங்களுக்கும் தொரத்துற சொந்த நாட்டு சிப்பாய்ங்களுக்கும் நடுவுல ஹெலிகாப்டரை இறக்கி காப்பாத்துனாரு. 1975ல கம்யூனிஸ்ட்டுங்க ஜெயிச்சதுக்கு அப்புறம் வியட்நாம்ல இருக்க முடியாம படகுல தப்பிச்சு கரை சேந்தவங்க சுமார் 8 லட்சம் பேர். கரை சேராதவங்களை எந்தக் கணக்குல எழுதுறது. "அப்ப யாரு மிஸ் நல்லவங்க?"ன்னு கேட்டான் ஒருத்தன். தாம்ப்சன்னு பக்கத்துல இருந்தவன் சொன்னான்.

ஜூலை 12, வெள்ளி

வாஷிங்டன்ல இருக்கிற நினைவுச்சுவர். 1982ல திறந்தாங்க, டிசைன் பண்ணது மாயா லின், டிசைன் பண்ணப்ப அவங்களுக்கு 21 வயசு, காலேஜ் ஸ்டூடன்ட். செத்துப்போன இல்ல காணாமப்போன அமெரிக்கர்கள் 58,000க்கு மேல, அத்தனை பேரோட பேரும் அதுல இருக்கு, அது நடந்த தேதி வரிசைல. அந்தக் கருப்பு கல்லு பெங்களூர் பக்கத்துல இருந்து போனதுன்னு சொன்னதும் கிளாஸே கலகலன்னு ஆயிடுச்சு. ஓசூர் பசங்களாச்சே, பாதிப் பேர் வீட்ல யாராவது கல்லு குவாரிலயோ பாலிஷ் கம்பெனிலயோ வேலை பாக்குறவங்க.

நேத்தே சொல்லி வெச்சிருந்ததால ஒரு பொண்ணு அவங்க அப்பா வேலை பாக்குற எடத்துல மிஞ்சுன துண்டு ஒண்ணை செய்தித்தாள்ல சுத்தி எடுத்துட்டு வந்திருந்தா. நோட்டு சைஸ்தான், ஒரு ஓரம் உடைஞ்சு சொரசொரன்னு சாம்பல் கலர்ல, மத்த எடமெல்லாம் கருகருன்னு வழவழப்பா. ஈரத்துணியால தொடச்சதும் ஃபேன், ஜன்னல், எட்டிப் பாத்த மூணு தலை எல்லாம் அதுல தெரிஞ்சுது. மாயா லின்னும் இதைத்தான் நெனச்சாங்க, பேரைப் படிக்கிறப்ப படிக்கிறவங்க மூஞ்சியும் அதுமேலயே தெரியணும்னு.

அப்ப அந்தக் கடைசி பெஞ்ச் பொண்ணு, "வியட்நாம்காரங்க பேரும் இதுல இருக்கா மிஸ்?" இல்லம்மா. 1995ல வியட்நாம் அரசு சொன்ன கணக்கு பொதுமக்கள் 20 லட்சம், சண்டை போட்டவங்க 11 லட்சம், தெற்கு வியட்நாம் சிப்பாய்ங்க அதுல சேராது. சுவரோட ரெண்டு பக்கமும் சேத்து நீளம் சுமார் 150 மீட்டர்னு சொன்னேன். அவளே போர்டுக்கு வந்து கணக்கு போட்டா. 31 லட்சம் பேரையும் அதே மாதிரி எழுதணும்னா கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர்.

ஜூலை 15, திங்கள்

காலைல பிரேயருக்கு முன்னாடியே மூணு பசங்க ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னாங்க. சனிக்கிழமை ஸ்கூல் கேட்ல இருந்து பைக்ல மீட்டரைப் பாத்துக்கிட்டே போனாங்களாம், பின்னாடி உக்காந்தவன் நோட்டுல எழுதிருக்கான்: பெட்ரோல் பங்க் 1.2, ரயில்வே கேட் 3, கோயில் 5.4, கடைசில 8ன்னு எழுதி அடில ரெண்டு கோடு. எங்கடா முடிஞ்சுதுன்னு கேட்டேன். "எங்க ஊரைத் தாண்டி ஏரிக்கரை மிஸ். வழி பூரா சுவரு இருக்கிற மாதிரியே நெனச்சுக்கிட்டு போனோம்."

நாளைக்கு பக்கத்து நாடு லாவோஸ்.