ரோபோ சாக்கர்: பேட்டரியைக் கட்டிவைத்துப் பாஸ் வாங்கிய கதை

ரோபோக்கள் பந்தாடும் ரோபோ சாக்கர் போட்டியின் விதிமுறைத் தாளில் பேட்டரியைப் பற்றி இருந்தது இரண்டே வரி. மின்னழுத்தம் 12 வோல்ட், 5 சதவீதம் வரை கூடலாம். பேட்டரி உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். எது உறுதி என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அடுத்து போகிற ஜூனியர்கள் மோட்டாருக்கும் வீலுக்கும் மெனக்கெடுவதில் பாதியாவது இதற்கு மெனக்கெடுங்கள். எங்களை அலையவிட்டது இதுதான்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கூரியர் ஆபீஸிலேயே அலைச்சல் தொடங்கிவிட்டது. வாங்கியது மூன்று செல் லிப்போ (லிதியம் பாலிமர் பேட்டரி), கொள்ளளவு 2200 எம்ஏஎச், அதாவது 2.2 ஆம்பியர்-மணி. லிதியம் பேட்டரியைப் பெரும்பாலும் தரைவழியாகத்தான் அனுப்புவார்கள், தாமதமாகும் என்று தெரியும். ஆனால் வந்து சேர்ந்த பிறகும் கையில் தரவில்லை. "பேட்டரி பார்சல் தம்பி, மேனேஜர் வந்தாத்தான்" என்றார் கவுண்டரில் இருந்தவர். மதியச் சாப்பாட்டுக்குப் போன மேனேஜர் சாயங்காலம்தான் திரும்பினார். பெட்டியில் ஒரு மூலை நசுங்கியிருந்தது. அங்கேயே பிரித்தேன். "வீட்ல போய்ப் பாக்கக் கூடாதா?" என்று முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். லிப்போவுக்கு இரும்பு உறை கிடையாது, மெல்லிய பைதான். உப்பலோ பள்ளமோ தெரிந்தால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்லவேளை, எங்கள் பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பேட்டரி உட்காரும் அலுமினியத் தட்டை பேட்டை என்ற பகுதியில் ஒரு பட்டறையில் வளைத்து வாங்கினோம். அக்ரிலிக் வேண்டாம், துளை போட்ட இடத்திலிருந்து விரிசல் விடும். போல்ட்டின் தலை தட்டுக்குள் படிந்து இருக்க வேண்டும், நட்டு அடிப்பக்கம் போக வேண்டும். திருப்பிப் போட்டால் போல்ட் முனை நேராகப் பையைக் குத்தும். பேட்டரிக்கு அடியில் செருப்பு சோலுக்குப் போடும் ஃபோம் ஷீட் வைத்தோம், அதிர்ச்சியை நன்றாகத் தாங்குகிறது.

இரட்டைப் பக்க டேப்பை நம்பாதீர்கள். நம் ஊர் வெயிலில் அதன் பசை இளகிவிடும், க்ளூ கன்னும் அப்படித்தான். கேபிள் டையை இறுக்கினால் பையில் பதிந்துவிடும். ஜங்ஷன் பக்கம் பை தைக்கிற அண்ணாச்சியிடம் நைலான் நாடாவில் வெல்க்ரோ வைத்துத் தைத்து வாங்கினோம். "நாய்க்குட்டிக்கா தம்பி?" என்று கேட்டார். ரோபோவுக்கு என்றதும் சும்மாவே இன்னொரு தையல் ஓட்டிக் கொடுத்தார். இந்த வேலையில் முகம் சுளிக்காமல் உதவிய முதல் ஆள் அவர்தான்.

போட்டி நடந்தது நாகர்கோவில் போகிற நாலுவழிச் சாலையில் ஒரு கல்லூரியில். பதிவு மேசையில், "ஒரு நிமிஷத்துல பேட்டரியக் கழட்டிக் காட்டணும்" என்றார்கள். கழற்றினோம், டிக் போட்டார்கள். முழு சார்ஜில் சரியாக 12.6 வோல்ட், அதுவும் விதிக்குள்தான். அடுத்த மேசையில் ஒரு அண்ணன் ரோபோவைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். பேட்டரி அசையவில்லை. அப்படியும், "ஒரு பக்கம் திறந்திருக்கே, நாலு பக்கமும் அடைச்சிட்டு வாங்க" என்றார். அந்தப் பக்கம் வழியாகத்தானே பேட்டரியை வெளியே எடுக்கிறோம்! பக்கத்து மேசை சொன்னதைச் சொன்னேன். "அது அவங்க, இது சேஃப்டி." விதியில் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இதற்கிடையில் எங்கள் கண்ணெதிரே, வெறும் டேப்பில் ஒட்டியிருந்த ஒரு ரோபோ வேறு மேசையில் பாஸாகிப் போனது. வயிறு எரிந்தது.

சண்டை போட நேரமில்லை. நண்பன் பைக்கை எடுத்துக்கொண்டு கேடிசி நகர் வரை போய், டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் ஸ்பிளிட் பின்னும், சைக்கிள் கடையில் வால்வ் டியூபும் வாங்கி வந்தான். தென்காசிப் பக்கமிருந்து வந்த ஒரு அணி டிரில் கொடுத்தது. திறந்த பக்கத்தின் இரு ஓரங்களிலும் துளை போட்டு, குறுக்கே ஒரு கம்பியைச் செருகி, முனையில் ஸ்பிளிட் பின் மாட்டினோம். கம்பி பையில் உரசாமலிருக்க அதன்மேல் வால்வ் டியூப். பின்னை உருவினால் பேட்டரி வெளியே, செருகினால் நாலு பக்கமும் அடைப்பு. இரண்டு மேசையும் வாயை மூடிக்கொண்டன. அதே அண்ணன் போட்டோ எடுத்துக்கொண்டார்!

வயர்களையும் பார்க்கிறார்கள். உலோகத் தட்டில் துளை வழியாக வயர் போனால் ரப்பர் வாசர் கட்டாயம். மெயின் ஸ்விட்ச் மேலே கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே வரவேண்டும். 25சி (கொள்ளளவு 2.2-ஐப் போல் 25 மடங்கு மின்னோட்டம்) என்று அச்சிட்ட 2200 எம்ஏஎச் பேட்டரி 55 ஆம்பியர் வரை தரும் என்பது கணக்கு. ஷார்ட் ஆனால் அதற்கும் மேலே பாயும், மெல்லிய வயர் நொடியில் உருகிவிடும்.

இரண்டாம் ஆட்டத்தில் எதிரணி எங்களைக் குப்புறத் தள்ளியது. பேட்டரி இருந்த இடத்தில் இருந்தது, ரோபோவை நிமிர்த்தியதும் ஓடியது. அந்த டேப் ரோபோவின் பேட்டரியோ முதல் ஆட்டத்திலேயே கழன்று வயரில் தொங்க, நடுவர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார். பாவம் பையன்கள். தப்பு அவர்களைப் பாஸ் போட்ட மேசையுடையது.

ஆட்டம் முடிந்ததும் முதலில் பேட்டரியைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறும்வரை சார்ஜ் போடாதீர்கள். ஊர் திரும்பும்போது கனெக்டர் முனையில் டேப் சுற்றித் தனிப் பையில் வையுங்கள், சாவியோடும் சில்லறையோடும் போட வேண்டாம். வீட்டில் நாள் கணக்கில் சும்மா கிடக்கப் போகிறதென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்திவிடுங்கள், முழு சார்ஜில் கிடந்தால் சீக்கிரம் உப்பிவிடும்.